ஐந்து கல்லூரிக்கு இரண்டு கை

சொட்டண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கல்லூரிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வெளியே எடுத்துப் புழங்கியது கிடையாது. முப்பத்திரண்டு வருஷமாக வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தார். மூன்றாம் தடவையும் உட்கார வந்தபோது வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டுமென்று கல்லூரியில் எடுத்தார்கள். கழுவினார். கழுவிக்கொண்டே பார்த்தார். பெரிய படிப்புக்காரர்கள் இரண்டு வருஷம் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று கற்காததை, இவர் குழாயடியில் நின்றே கற்றுக்கொண்டார்.

அதில் முக்கியமானது டைட்ரேஷன். விஷயம் பெரிதொன்றுமில்லை. இரும்பு ஸ்டாண்டில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயைக் கிளாம்ப் போட்டு நிறுத்துவார்கள். அதன் பெயர் பியூரெட். கீழே ஒரு குடுவை, அதில் நிறமில்லாத திரவம். மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு வந்தால், ஏதோ ஒரு சொட்டில் குடுவை வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறும். அந்தச் சொட்டைப் பிடிக்க வேண்டும். முந்தினால் விடை தப்பு. பிந்தினால் பீட்ரூட் சாறு, மறுபடியும் முதலிலிருந்து. பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “இரு இரு… இன்னும் ஒரே சொட்டு… ஒரே சொட்டுதான்… ம், நிறுத்து!” என்று முப்பத்திரண்டு வருஷம் சொன்னவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

துறைத்தலைவர் இதிலெல்லாம் தலையிடமாட்டார். பெரிய மனிதர். நாலு புத்தகம் எழுதியவர். அவர் பியூரெட்டைத் தொட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. செய்முறை வகுப்பு நாளில் வாசலில் வந்து நின்று, “எல்லாம் ஓடுதா?” என்பார். “ஓடுது சார்” என்பார் சொட்டண்ணன். அதோடு அன்றைய வகுப்பு முடிந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கூட்டமைப்பு வந்து ஏறியது.

அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் ஐந்தும் சேர்ந்து கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்துவது என்று முடிவானது. ஒரு கல்லூரியில் நன்றாக நடத்துகிற பாடத்தைப் படம் பிடித்து மற்ற நாலு கல்லூரிக்கும் கொடுப்பது. அவர்கள் பாடத்தை இவர்கள் வாங்கிக்கொள்வது. நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் கல்லூரி, ஆற்றோரக் கல்லூரி, மேட்டுக் கல்லூரி, மகளிர் கல்லூரி, பொறியியல் கல்லூரி என்று ஐந்து பேரும் முதல் கூட்டத்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது கூட்டத்தில், படத்தின் தொடக்கத்தில் எந்தக் கல்லூரியின் சின்னம் முதலில் வருவது என்ற பேச்சு வந்தது. கட்டிப்பிடித்த கை சட்டைக் காலருக்குப் போனது. வயதுப்படி போடலாம் என்றது பழைய கல்லூரி. மாணவர் எண்ணிக்கைப்படி என்றது பெரிய கல்லூரி. கடைசியில் ஐந்தையும் வட்டமாகப் போட்டார்கள். வட்டத்தில் உச்சியில் யார் என்று ஒரு கூட்டம். பிறகு வட்டத்தைச் சுற்ற விட்டார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அந்த வட்டம் ஒரு முழு நிமிஷம் சுற்றும். எல்லாரும் உச்சிக்குப் போய் வரவேண்டுமே!

வேதியியல் செய்முறைப் பாடம் பன்னிரண்டும் நம் கல்லூரித் தலையில் விழுந்தது. துறைத்தலைவர் மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நூலகத்துக் கம்ப்யூட்டர்காரர் கேமராவை நிறுத்தினார். பேச்சு அருமையாகப் போனது. பியூரெட் திருகைத் திறந்தார் பாருங்கள், சொட்டெல்லாம் இல்லை; அருவி. குடுவை ஒரே நொடியில் பீட்ரூட்.

“கேமரா கொஞ்சம் ஆடுதோ?” என்றார் துறைத்தலைவர்.

“கேமரா ஆடல சார்” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

ஏழு தடவை எடுத்தார்கள். ஏழும் பீட்ரூட். எட்டாவது தடவைக்கு முன்னால் துறைத்தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “குரல்தாம்ப்பா பாடம். கை யாரோடதா இருந்தா என்ன?” என்றார்.

அப்படித்தான் சொட்டண்ணனின் கை உள்ளே வந்தது. ஆனால் வெறுங்கையாக வரவில்லை. துறைத்தலைவரின் முழுக்கைச் சட்டை மாதிரியே ஒன்று வாங்கிப் போட்டுவிட்டார்கள். அவருடைய கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டுவரை பேராசிரியர், அதற்குக் கீழே அட்டெண்டர். பன்னிரண்டு பாடம், ஒரு மாசம். குரல் ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் வேலை பார்க்க, ஒரு சொட்டு பிசகவில்லை.

பாடம் வெளியே போனதும் ஐந்து கல்லூரியிலும் ஒரே பேச்சு. ஆங்கிலப் பாடத்தை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் பாடத்தில் வட்டம் சுற்றுகிறவரைக்கும் பார்த்தார்கள். வேதியியல் கையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மேட்டுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நேரில் வந்து, “சார், உங்க கை என்ன நிதானம் சார்!” என்று கும்பிட்டார். துறைத்தலைவர் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, “எல்லாம் பயிற்சிதான்” என்றார். பக்கத்தில் நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்த சொட்டண்ணன் முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கிய வேகத்தில் ஒரு குடுவை உடைந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு குறைவு. அலுவலகத்து எழுத்தர் ஒரு நாள் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, உக்காருங்க.”

“நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க.”

“கூட்டமைப்புல இருந்து கடிதம் வந்திருக்கு. செய்முறையெல்லாம் படத்துலயே வந்துட்டதால, வேதியியல் அட்டெண்டர் வேலை உபரின்னு எழுதியிருக்காங்க. பாடம் எடுத்த கல்லூரில இருந்து தொடங்கணுமாம். அதாவது நம்மகிட்ட இருந்து. இந்தப் பருவம் முடியுற வரைக்கும்தான்.”

“படத்துல இருக்குறதே என் கைதானே?”

“அதான்ண்ணே. உங்க கை இருக்கு. நீங்க உபரி.”

தன் கையே தனக்கு உதவி என்பார்கள். சொட்டண்ணனுக்குத் தன் கையே தனக்கு ஆப்பு. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் கிடந்தது. கல்லூரிச் சுவரோடு ஒட்டிய சின்ன அறையில் அவர் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பணியாளர் குடும்பத்துக்கென்று கொடுத்த அறை. வேலை போனால் அறையும் போகும். இந்த வயதில் வேறெங்கே போய்ச் சொட்டு விடுவது?

மனைவியிடம் சொன்னார். அந்தம்மா மெஷினை நிறுத்தாமல் கேட்டார்.

“அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனப்பவே சொன்னேன்ல? அடுத்தவன் கடிகாரத்தக் கட்டுனா நம்ம நேரம் எப்படி நல்லா இருக்கும்?”

“இப்ப குத்திக்காட்டுற நேரமா?”

“வேற எப்ப காட்டுறது? போங்க, அந்தப் பெரியவர்கிட்டப் போய்ப் பேசுங்க. உங்க கைய வெச்சுத்தானே அவரு பேரு வாங்கினாரு.”

ஆனால் இவர் போய்ப் பேசுவதற்கு முன்னால் வேறொன்று நடந்துவிட்டது. மகளிர் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், படத்தைப் பார்த்துக் கூட்டமைப்பு போட்ட செய்முறைக் கையேட்டை நகலெடுக்கக் கடைக்கு வந்தார்கள். அந்தம்மா பக்கத்தைத் திருப்பிப் போடும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. கூடுதலாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்து, சாயங்காலம் கணவர் முன்னால் போட்டார்.

“இதென்னங்க இது? ஆறாம் படி: ‘அளவைப் பார்க்குமுன் கிளாம்ப்பின் மேல் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டவும்.’ இப்படியெல்லாம் உண்டா?”

சொட்டண்ணன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு தன் விரல் முட்டியைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். அவருடைய ஆய்வுக்கூடத்து ஸ்டாண்டுகளில் பாதிக்குக் கிளாம்ப் திருகு தேய்ந்துபோய், நிறுத்திய பியூரெட் மெல்லக் கீழே நழுவும். புதுத் திருகு கேட்டு ஒன்பது தடவை எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்பதும் அலுவலகத்தில் தூங்கின. ஆகவே அளவு பார்க்குமுன் டக், டக் என்று இரண்டு தட்டு. நழுவாமல் நின்றால் பார்க்கலாம். நழுவினால் இறுக்க வேண்டும். வருஷக்கணக்கில் தட்டித் தட்டி, தட்டுவதே தெரியாமல் தட்டுகிற பழக்கம். படத்திலும் தட்டியிருக்கிறார். பன்னிரண்டு பாடத்திலும். குரல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; குரலுக்கு அது தெரியவே தெரியாது. பார்த்தவர்கள், இவ்வளவு நிதானமான கை காரணமில்லாமல் தட்டுமா என்று எடுத்துக்கொண்டார்கள். மற்ற நாலு கல்லூரியிலும் ஆயிரம் பிள்ளைகள் புத்தம்புது ஸ்டாண்டுகளை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செய்முறைத் தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண் வேறு வைத்துவிட்டார்கள். மகளிர் கல்லூரிப் பெண்ணொருத்தி பதற்றத்தில் மூன்று தட்டுத் தட்டிவிட்டாள். ஆற்றோரக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தப் பெண் சும்மா விடுகிற ரகமில்லை. “மூணு ஏன் தப்பு? ரெண்டு ஏன் சரி? எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டாள். எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐந்து கல்லூரியும் அவசரமாகக் கூடுவது என்று ஆனது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது துறைத்தலைவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். வாசலில் நிற்காமல் உள்ளேயே வந்தார். கதவைச் சாத்தினார்.

“யோவ் சொட்டு, ஏன்யா தட்டின?”

“திருகு லூசு சார்.”

“என்னது?”

“கிளாம்ப் திருகு சார். ஒன்பது தடவ எழுதிக் குடுத்தேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க.”

துறைத்தலைவர் முக்காலியில் உட்கார்ந்தார். அதுவும் ஆடியது. சிறிது நேரம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தார்.

“நான் ஏற்கெனவே பதில் எழுதிக் குடுத்துட்டேன்யா. அதிர்வால திரவத்தோட மேல்மட்டம் சமநிலைக்கு வருதுன்னு. மூணு பக்கம். படம் எல்லாம் போட்டு.”

“வருமா சார்?”

“யாருக்குய்யா தெரியும்? இங்க பாரு, உன் விஷயம் எனக்குத் தெரியும். உபரி கடிதம். கூட்டத்துல நீ பின்னாடி நின்னு, நான் சொல்றப்ப செஞ்சு காட்டு. ரெண்டு தட்டு. வாயத் தொறக்காத. அட்டெண்டர் இல்லாம நடக்காதுன்னு அன்னைக்கே ஒரு குறிப்பு எழுதித் தரேன். சரியா?”

“சரி சார்” என்றார் சொட்டண்ணன். வேறென்ன சொல்வார்? அவருக்கு வேலை வேண்டும். சாயங்காலம் மனைவியிடமும் சொன்னார். அந்தம்மாவும் யோசித்துவிட்டு, “வாய மூடிக்கிட்டு இருக்குறது உங்களுக்கு வராத வேலை. ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சுக்கோங்க” என்றார்.

கூட்டம் நம் கல்லூரிக் கருத்தரங்க அறையில். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவரில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டமைப்பின் செயலாளர் மகளிர் கல்லூரி முதல்வர். குட்டையான அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. சொட்டண்ணன் மூலையில் ஒரு ஸ்டாண்டோடு நின்றார். தேய்ந்த திருகு உள்ள ஸ்டாண்டுதான். வேறு ஏது?

துறைத்தலைவர் மூன்று பக்கத்தையும் வாசித்தார். அதிர்வு, மேல்மட்டம், சமநிலை. இடையில் கையைக் காட்டினார். சொட்டண்ணன் டக் டக் என்று தட்டினார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நிலைமை நன்றாகத்தான் போனது.

“அப்ப மூணு தட்டினா சமநிலை கெட்டுப்போகுமா சார்?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“அது… ஆய்வுக்குரியது மேடம்.”

உடனே ஆற்றோரக் கல்லூரிக்காரர், எவ்வளவு வேகத்தில் தட்ட வேண்டும் என்பதும் கையேட்டில் வேண்டும் என்றார். தட்டுகிற விரல் ஆள்காட்டி விரலா நடுவிரலா என்று மேட்டுக் கல்லூரிக்காரர் கேட்டார். இரண்டு தட்டுக்கும் நடுவே எத்தனை நொடி என்று இன்னொருவர். பொறியியல் கல்லூரிக்காரர் அதுவரை எதையோ வரைந்துகொண்டிருந்தார். காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“ஆளுக்கு ஆள் தட்டு மாறுறதுதான் பிரச்சினை. ஒரு சின்ன மோட்டார், ஒரு ரப்பர் சுத்தியல். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒண்ணு. பொத்தான அமுக்கினா சரியா ரெண்டு தட்டு. எங்க பசங்களே ஒரு பருவத்துல செஞ்சு குடுத்துடுவாங்க.”

அறையில் ஒரு சந்தோஷம் பரவியது. இத்தனை கூட்டத்தில் முதல் தடவையாக ஐந்து கல்லூரியும் ஒன்றாகத் தலையாட்டின. துறைத்தலைவர் எல்லாரையும்விட அதிகமாக ஆட்டினார்.

சொட்டண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார். சத்தியமாகக் கடித்தார். ஆனால் ஒன்பது கடிதம் எழுதியும் ஒரு திருகு வராத ஆய்வுக்கூடத்துக்கு, அந்தத் திருகு வராததால் உண்டான தட்டுக்கு, மோட்டார் வைத்த சுத்தியல் வரப்போகிறது என்றால் எந்தப் பல்தான் தாங்கும்?

“எதுக்குங்க சுத்தியல்?” என்றார். அவர் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். துறைத்தலைவர் கண்ணாலேயே வேண்டினார்.

“ஒரு திருகு வாங்கிக் குடுங்க, போதும். இது லூசு. நழுவுதான்னு பாக்கத் தட்டுறேன். வேற ஒண்ணுமே இல்ல. உங்க காலேஜ்ல எல்லாம் புது ஸ்டாண்டு. தட்டவே வேணாம். ரெண்டும் வேணாம், மூணும் வேணாம். அந்தப் பொண்ணுக்கு மார்க்கப் போட்டு அனுப்புங்க.”

சொல்லிக்கொண்டே பியூரெட்டைத் தட்டாமல் விட்டுக் காட்டினார். அது ஐந்து கல்லூரிப் பேராசிரியர்கள் முன்னிலையில் மெல்ல, மரியாதையாக, கீழே இறங்கியது.

செயலாளர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் கையைப் பார்த்தார்.

“தட்டுறேன்னு சொன்னீங்களே. அப்ப படத்துல இருக்குற கை…?”

அந்த ஒரு இடத்தில் மட்டும் சொட்டண்ணன் பல்லைக் கடித்துவிட்டார். துறைத்தலைவரின் இரண்டு கையும் மேசைக்கு அடியில் போனதே பதிலாகிவிட்டது.

“சரி” என்றார் அந்த அம்மாள். “வேற என்னென்ன இப்படிப் பழக்கத்துல செஞ்சிருக்கீங்க?”

“நிறைய இருக்கும் மேடம். குடுவைய இடது பக்கமாத்தான் சுத்துவேன். வலது தோள் வலி. புனல ஊதிட்டு வெப்பேன். எங்க அலமாரில தூசி. இதெல்லாம் பாடமில்ல.”

மேட்டுக் கல்லூரிக்காரர் அவசரமாகக் கையேட்டைப் புரட்டினார். முகம் வெளுத்தது. “ஊதவும்னு நாலாம் படியில போட்டிருக்கோமே” என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. துறைத்தலைவர் எழுந்தார். விழுந்துவிடுவார் என்று பார்த்தால், நின்றுவிட்டார். “இதத்தான் நான் ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கிட்டு வரேன்” என்றார். யாருக்கும் அப்படி ஒரு ஞாபகம் இல்லை. “படத்துல எது பாடம், எது பழக்கம்னு படத்துக்குத் தெரியாது. பாக்குற பிள்ளைக்கும் தெரியாது. பக்கத்துல ஒரு ஆள் வேணும்.” அடுத்த மாசம் வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் இதையே அவர் நாற்பது நிமிஷம் பேசி, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு வந்தார் என்பது தனிக் கதை.

தீர்மானம் எழுதினார்கள். பன்னிரண்டு பாடத்தையும் சொட்டண்ணனே உட்கார்ந்து பார்த்து, பழக்கத்தில் வந்த பிழைகளை எழுதித் தரவேண்டும். ஒவ்வொரு பிழையையும் ஐந்து கல்லூரியும் கூடி ஆராய்ந்து நீக்க வேண்டும். இரண்டு மாசத்துக்கு ஒரு கூட்டம். கூட்டத்துக்கு இரண்டு பிழைக்கு மேல் எடுத்துக்கொள்ள நேரம் இராது. இந்த வேலை முடிகிறவரை உபரி கடிதம் நிறுத்தி வைக்கப்படும்.

ஒழுங்காக வேலை செய்தவர் என்பதற்காக வீட்டுக்கு அனுப்ப இருந்தவர்கள், தப்பாகச் செய்தது இவ்வளவு என்று தெரிந்ததும் வைத்துக்கொண்டார்கள். உலகம் அப்படித்தான். இதில் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

திருகு வந்ததா என்று கேட்பீர்கள். பத்தாவது தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து சொட்டண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தன் கையைத் தானே பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது. யாரோ ஒரு நல்ல வேலைக்காரனை வேவு பார்ப்பதுபோல. நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், நோட்டில் எழுதுவார். நியாயமான பிழைகள் முப்பதோடு நின்றுவிட்டன. அதன் பிறகு கையின் மேல் கருணை காட்டவில்லை. குப்பி மூடியைத் திறக்கும்போது சுண்டு விரல் வெளியே நீண்டிருந்தது. எழுதிக்கொண்டார். துணியை நான்காக மடிக்காமல் மூன்றாக மடித்திருந்தார். அதையும் எழுதிக்கொண்டார். பத்து நாளில் பன்னிரண்டு பாடமும் முடிந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். மனைவி நகல் எடுக்கத் தாளை வைத்துக்கொண்டே கேட்டார்.

“மொத்தம் எத்தன தப்பு?”

“நாப்பத்தேழு.”

அந்தம்மா விரல் விட்டு எண்ணினார். கூட்டத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு ஆறு கூட்டம்.

“நாலு வருஷத்துக்கு நாப்பத்தெட்டு வேணுமே. ஒண்ணு குறையுதே!”

“அவ்வளவுதான் கெடச்சுது. ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“நீங்களே பாத்தா அவ்வளவுதான் கெடைக்கும்” என்றார் அந்தம்மா, மெஷின் பொத்தானை அமுக்கிக்கொண்டே. “என்னக் கேட்டிருந்தா முதல் நாளே நூறு சொல்லியிருப்பேன்.”